வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? உயிருள்ள செல்லுக்குள் ஆர்என்ஏ-வைத் தேடும் நானோ ப்ரோப்கள்

காசநோய் சந்தேகத்தில் அரசு மருத்துவமனையில் சளி கொடுத்தவர்களுக்கு ‘சிபிநாட்’ என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். சளியில் ஒரு திரவத்தைக் கலந்து, பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜில் ஊற்றி, மெஷினில் செருகினால் இரண்டு மணி நேரத்துக்குள் ரிசல்ட் வந்துவிடும். கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா அடங்காதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இந்தச் சோதனைக்கு ஒப்புதல் தந்தது. அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் வேலை செய்கிற சின்னஞ்சிறு பொருளிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. குழாய்க்குள் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளும் அதே பொருள், உயிருள்ள செல்லுக்குள் போனதும் எப்படியெல்லாம் பொய் சொல்கிறது என்பது இதன் இரண்டாம் பாதி.

அந்தப் பொருளை ‘மாலிக்யூலர் பீக்கன்’ என்பார்கள். இப்படி ஒரு குறிப்பிட்ட இழையைத் தேடிப்போய் ஒளிர்ந்து காட்டிக்கொடுப்பவற்றுக்குப் பொதுப்பெயர் ‘ப்ரோப்’. மூலக்கூறு அளவிலான கலங்கரை விளக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். நியூயார்க்கின் பொதுச் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் சஞ்சய் தியாகியும் ஃப்ரெட் கிராமரும் 1996-ல் இதை வெளியிட்டார்கள். அமைப்பு ரொம்ப எளிது. கொல்லிமலைச் சாலையின் எழுபது வளைவுகளில் ஒன்றை மனசில் கொண்டுவாருங்கள்: கொண்டை ஊசி வளைவு. ஒற்றை டிஎன்ஏ இழை ஒன்று அதேபோல வளைந்து, இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முனைகளில் ஐந்தாறு எழுத்துகள் (டிஎன்ஏ இழையின் வேதியியல் அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்) ஒன்றுக்கொன்று ஜோடி, அதனால்தான் ஒட்டுகின்றன. நடுவில் இருக்கிற வளைவு, நாம் தேடும் மரபணுவுக்கு ஜோடியாக எழுதப்பட்டது. ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை விழுங்கிவிடும் அணைப்பான். ஊசி மூடியிருக்கும்வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், எனவே இருட்டு. தேடும் இழை வந்து வளைவில் பொருந்திவிட்டால் ஊசி விரியும், அணைப்பான் விலகும், சாயம் ஒளிரும்.

இதில் அழகே அந்த முனைகளின் ஒட்டுதல்தான். வெறும் நேரான டிஎன்ஏ துண்டாக இருந்தால், ஓர் எழுத்து தப்பாக இருக்கிற இழையோடும் சமாதானமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கொண்டை ஊசிக்கோ மூடியே இருப்பதும் சுகமான நிலை. முழுப் பொருத்தம் கிடைத்தால் மட்டும் விரிவது லாபம். ஓர் எழுத்து பிசகினால்கூட, ‘எனக்கு மூடியிருப்பதே போதும்’ என்று இருந்துவிடும். காசநோய்க் கார்ட்ரிட்ஜ் இதைத்தான் பயன்படுத்துகிறது. ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்குக் காரணமான மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை, கிருமியின் ஒரு மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட சின்னப் பகுதியில்தான் நடக்கின்றன. அந்தப் பகுதியை ஐந்து பீக்கன்கள், ஐந்து நிறங்களில், பங்கு போட்டுக் காவல் காக்கின்றன. எல்லாமே மாறாத எழுத்துக்கு ஜோடியாக எழுதப்பட்டவை. ஐந்தும் எரிந்தால் மருந்து கேட்கும். சில எரிந்து ஏதோ ஒன்று இருட்டாக நின்றால், அல்லது ரொம்பத் தாமதமாக எரிந்தால், அந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையில் கெட்ட செய்தி சொல்வது வெளிச்சம் இல்லை, இருட்டு. இப்போது வந்திருக்கும் ‘அல்ட்ரா’ கார்ட்ரிட்ஜில் கணக்கு வேறு மாதிரி. ஆனால் பீக்கன் பீக்கன்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் முதலில் செய்கிற வேலை, கிருமிகளை அல்ட்ராசவுண்ட் அதிர்வால் உடைத்து உள்ளே இருப்பதை வெளியே கொட்டுவது. அப்புறம் வேண்டிய டிஎன்ஏ துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்குவது. அதற்கப்புறம்தான் பீக்கனுக்கு வேலை. வீட்டையே இடித்துச் சாமானைத் தெருவில் பரப்பி எண்ணுவது போன்ற ஏற்பாடு. எண்ணிக்கை சரியாக வரும், வீடு மிஞ்சாது.

சரி, வீட்டை இடிக்காமல் எண்ண ஏன் ஆசைப்பட வேண்டும்?

டிஎன்ஏ என்பது பத்திரம் மாதிரி. நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்லிலும் ஒரே பத்திரம்தான் இருக்கிறது. அந்தந்த செல் இந்த நிமிஷம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது ஆர்என்ஏ-வில்தான் தெரியும். எந்த மரபணுவை இப்போது படித்து, எந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லித் துண்டுச்சீட்டு எழுதியிருக்கிறதோ, அதுதான் தூது ஆர்என்ஏ. புற்றுநோய் செல்லில் இந்தச் சீட்டுகள் மாறிவிடும். ‘சர்வைவின்’ என்ற புரதம், சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் தடுப்பது. கருவில் நிறைய இருக்கும், வளர்ந்தவர்களின் பெரும்பாலான திசுக்களில் மிகக் குறைவு. புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் மீண்டும் தலைகாட்டும். அதன் தூது ஆர்என்ஏ-வை உயிருள்ள செல்லில் பார்க்க முடிந்தால், அந்த செல்லைப் பிரித்தெடுக்கலாம், வளர்க்கலாம், எந்த மருந்துக்கு என்ன ஆகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். உடைத்துப் பார்த்தால் ஒரே ஒரு ஃபோட்டோதான் கிடைக்கும். அதுவும் லட்சம் செல்களின் சராசரி என்றால், நூறு கெட்ட செல்கள் அந்தச் சராசரியில் கரைந்தே போய்விடும்.

இன்னொரு இலக்கு மைக்ரோ ஆர்என்ஏ. சுமார் 22 எழுத்துகளே கொண்ட குட்டி இழைகள். புரதம் எதையும் செய்யாமல், மற்ற சீட்டுகளை அடக்கிவைப்பதே இவற்றின் வேலை. 1993-ல் ஒரு புழுவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட இதற்கு விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. மிர்-21 என்கிற ஒன்று பல வகைப் புற்றுநோய்களில் அளவுக்கு மீறி இருக்கும். ஒளிரும் ப்ரோப் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பெயர் வராத கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆசை நியாயமானதுதான். சிக்கல் வாசலிலேயே ஆரம்பிக்கிறது. செல்லின் சவ்வு கொழுப்பாலானது. டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் நிறைந்த நீண்ட இழை. அந்தச் சவ்வைத் தானாகக் கடக்காது. மெல்லிய கண்ணாடி ஊசியால் குத்திச் செலுத்தலாம். தியாகி–கிராமர் குழுவே 2003-ல் பழ ஈயின் முட்டை செல்லில் இப்படிச் செலுத்தி, ‘ஆஸ்கர்’ என்ற தூது ஆர்என்ஏ முட்டையின் பின்முனைக்குப் பயணம் போவதை நேரில் பார்த்தது. பிரமாதமான வேலை. ஆனால் ஈ முட்டை பெரியது, தாங்கும். நோயாளியின் ரத்தத்தில் மிதக்கிற ஆயிரக்கணக்கான செல்களை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருக்க முடியுமா? சிலர் தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் நஞ்சைக் கடன் வாங்கினார்கள். அது சவ்வில் தற்காலிக ஓட்டை போடும். அந்த இடைவெளியில் பீக்கனை உள்ளே அனுப்பிவிட்டு, செல் ஓட்டையை அடைத்துக்கொள்ள விடுவது. வேலை செய்கிறது, ஆனால் கை பழக வேண்டும், எல்லா செல்லும் பிழைப்பதில்லை.

இந்த இடத்தில்தான் தங்கம் வருகிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கினின் ஆய்வகம் 1996 முதலே தங்கத் துகள்களில் டிஎன்ஏ இழைகளைக் கோத்து வேலை செய்துவந்தது. 13 நானோமீட்டர் தங்கத் துகள். அதைக் கடுகு என்று வைத்துக்கொண்டால், மனித செல் ஏறக்குறைய ஓர் அறை உயரத்துக்கு இருக்கும். அந்தக் கடுகின் மேல் பலாக்காய் முள் மாதிரி நெருக்கமாக டிஎன்ஏ இழைகள். இப்படி நெருக்கி நட்டால் இரண்டு நன்மைகள். டிஎன்ஏ-வை வெட்டித் தின்னும் நொதிகள் எளிதில் கிட்டே வருவதில்லை. அதைவிட ஆச்சரியம், செல் இந்த உருண்டையைத் தானாகவே விழுங்குகிறது. ஊசியும் வேண்டாம், நஞ்சும் வேண்டாம். செல் வளரும் திரவத்தில் கலந்துவிட்டால் போதும்.

2007-ல் இதை வைத்து அவர்கள் செய்த ப்ரோப்புக்கு ‘நானோஃப்ளேர்’ என்று பெயர். ஒவ்வொரு முள்ளிலும் சர்வைவின் தூது ஆர்என்ஏ-வுக்கு ஜோடியான இழை இருக்கும். அதன்மேல் ஒரு குட்டை இழை, பாதி மட்டும் பொருந்தி, ஒளிரும் சாயத்தோடு படுத்திருக்கும். தங்கம் பக்கத்திலேயே இருப்பதால் சாயத்தின் ஒளி அணைந்திருக்கும். உண்மையான ஆர்என்ஏ வந்தால் அது முழு நீளத்துக்கும் பொருந்தும். எனவே குட்டை இழையை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். எழுந்துபோன இழை தங்கத்தை விட்டு விலகி ஒளிரும். மார்பகப் புற்றுநோய் செல்களில் பிரகாசமாக ஒளிர்ந்தது, ஒப்பீட்டுக்கு வைத்த செல்களில் மங்கலாகவே இருந்தது. 2013 வாக்கில் இதே உத்தி ‘ஸ்மார்ட்ஃப்ளேர்’ என்ற பெயரில் கடைச் சரக்காகவும் வந்துவிட்டது. தேவையான மரபணுவின் பெயரைச் சொல்லி வாங்கி, செல்லில் ஊற்றி, மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். 2014-ல் மிர்கின் குழுவினரே ரத்தத்தில் கலந்த மார்பகப் புற்றுநோய் செல்களை இப்படி அடையாளம் கண்டு உயிரோடு பிரித்ததாக எழுதினார்கள்.

கேட்கக் குறையே இல்லாத கதை. ஆனால் ஒரு கேள்வியை யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும்: விழுங்கினது சரி, விழுங்கின பொருள் எங்கே போய்ச் சேருகிறது?

செல் எதையாவது விழுங்குகிறது என்றால், தன் சவ்வையே உள்பக்கம் குழித்து, ஒரு பையாகக் கிள்ளி எடுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்கு எண்டோசோம் என்று பெயர். பொருள் செல்லுக்குள் வந்துவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் அதற்கும் செல்லின் உள்வெளிக்கும் நடுவில் சவ்வு இன்னும் இருக்கிறது. தூது ஆர்என்ஏ இருப்பது அந்தப் பக்கம், ப்ரோப் இருப்பது இந்தப் பக்கம். விருந்தாளி வந்துவிட்டார், ஆனால் திண்ணையோடு சரி, உள்கதவு திறக்கவில்லை. அடுக்களையில் என்ன கொதிக்கிறது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? திண்ணையிலும் நெடுநேரம் நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள். பையின் உள்ளே அமிலம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் லைசோசோமில் கொண்டுபோய்த் தள்ளும், அங்கே வெட்டும் நொதிகள் காத்திருக்கும்.

எவ்வளவுதான் தப்பித்து உள்ளே போகிறது என்பதற்கு வேறொரு துறையிலிருந்து ஓர் அளவு கிடைக்கிறது. மருந்தாகும் ஆர்என்ஏ-வைக் கொழுப்பு நானோ துகளில் வைத்து அனுப்பும்போது, எண்டோசோமிலிருந்து வெளியேறுவது 1 முதல் 2 சதவீதம்தான் என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதுவும் தப்பிப்பதற்கென்றே வடிவமைத்த துகள்கள். மருந்துக்கு அந்த 1 சதவீதமே போதும், உள்ளே போனது வேலையைச் செய்துவிடும். ப்ரோப்புக்கு அப்படியில்லை. உள்ளே போன ஒன்று உண்மை சொன்னாலும், வெளியே மாட்டிக்கொண்ட 99 சிதைந்து ஒளிர்ந்தால், அந்தச் சத்தத்தில் உண்மை எங்கே கேட்கப்போகிறது?

இதுதான் விஷயத்தின் மையம். நானோஃப்ளேர் ஒளிர்வதற்கு, குட்டை இழை தங்கத்தை விட்டு விலகினால் போதும். ஆர்என்ஏ வந்து விலக்கினாலும் விலகும். நொதி வெட்டினாலும் விலகும். டிஎன்ஏ-வைத் தங்கத்தோடு பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்பை, செல்லில் ஏராளமாக இருக்கும் குளுட்டாதயோன் போன்ற பொருள்கள் பிடுங்கினாலும் விலகும். மைக்ராஸ்கோப்புக்கு மூன்றும் ஒரே வெளிச்சம்.

லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இருந்த ரஃபேல் லெவி இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். அவருடைய குழு 2015-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ‘முரண்புதிர்’ என்ற சொல் இருந்தது: துகள்கள் எண்டோசோம்களில் அடைபட்டிருப்பதைத்தான் நாங்கள் பார்க்கிறோம், அப்படியானால் செல்லின் உள்வெளியில் இருக்கும் ஆர்என்ஏ-வை இவை கண்டுபிடிப்பது எப்படி? 2017-ல் போலந்தின் கிராக்கூவ் நகரில் மரியா சார்னெக், யோவன்னா பெரெட்டா இருவரும் இன்னும் நேரடியாகச் சோதித்தார்கள். ஐந்து மரபணுக்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவி கொண்டு முடக்கினார்கள், வேறு சிலவற்றைச் செயற்கையாகக் கூட்டினார்கள்; அதாவது, ஆர்என்ஏ அளவில் ஏற்ற இறக்கம் நிச்சயமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஸ்மார்ட்ஃப்ளேரின் ஒளியையும், செல்லை உடைத்து அளந்த ஆர்என்ஏ-வின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ‘அளவுக்குச் சரியாக இல்லை’ என்பதுகூட அல்ல. தொடர்பே இல்லை என்று எழுதினார்கள்.

மிர்கின் தரப்பு இந்த விமர்சனத்தை ஏற்கவில்லை. உலகெங்கும் பல ஆய்வகங்கள் இதைப் பயன்படுத்தி முடிவுகள் வெளியிட்டிருக்கின்றன என்பது அவர்கள் பக்கத்து வாதம். இத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பது எனக்கு அவ்வளவு பெரிய சாட்சியாகத் தோன்றவில்லை. புற்றுநோய் செல் பொதுவாகச் சுறுசுறுப்பானது, அதிகமாக விழுங்கும் செல்களும் அதில் உண்டு. நிறைய விழுங்கினால் நிறைய சிதையும், நிறைய ஒளிரும். ‘புற்றுநோய் செல் பிரகாசம், சாதா செல் மங்கல்’ என்ற எதிர்பார்த்த படம், ஆர்என்ஏ-வுக்குச் சம்பந்தமில்லாமலேயே கிடைத்துவிடக்கூடும். எதிர்பார்த்தது கிடைத்தால் யார்தான் மறுபடி சந்தேகப்பட்டுப் பார்க்கிறார்கள்? ஸ்மார்ட்ஃப்ளேர் பின்னாளில் சந்தையிலிருந்து போய்விட்டது. லெவி இப்போது, அறிவியல் தன் தவறுகளை எப்படித் திருத்திக்கொள்கிறது, ஏன் சில சமயம் திருத்திக்கொள்வதில்லை என்று ஆராயும் ‘நானோபபிள்ஸ்’ என்ற ஐரோப்பியத் திட்டத்தில் இருக்கிறார். அத்திட்டத்துக்கு 2021-ல் ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுமத்தின் பணம் வந்தது.

இதனால் ஒட்டுமொத்த முயற்சியே வீண் என்று ஆகிவிடாது. பொய் வெளிச்சத்தைப் பிடிக்க நல்ல உபாயங்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது, பிலிப் சாண்டாஞ்செலோவும் கேங் பாவும் உள்ளிட்ட குழு 2004-ல் வெளியிட்ட இரட்டை பீக்கன். ஒரே ஆர்என்ஏ-வில் அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு இரண்டு பீக்கன்கள். முதலாவதில் இருக்கும் சாயம் வெளிச்சத்தை வாங்கும். பக்கத்திலேயே இரண்டாவது சாயம் இருந்தால், தான் ஒளிராமல் ஆற்றலை அதற்குக் கைமாற்றிவிடும். இரண்டாவது தன் நிறத்தில் ஒளிரும். இந்தக் கைமாற்றத்தின் வேகம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும் என்று தியோடோர் ஃபோர்ஸ்டர் 1940-களிலேயே கணக்குப் போட்டுவிட்டார். தூரம் இரண்டு மடங்கானால் வேகம் 64-ல் ஒரு பங்கு. சில நானோமீட்டர் நெருக்கத்தில் இருந்தால்தான் உண்டு. இப்போது நொதி வந்து ஒரு பீக்கனைக் கடித்துவிட்டால்? முதல் சாயம் தன் சொந்த நிறத்தில் ஒளிரும், அவ்வளவுதான். இரண்டாவது நிறம் தோன்ற, இரண்டு பீக்கனும் ஒரே ஆர்என்ஏ-வில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாக வேண்டும். சிதைவால் அந்த நிலைமை வராது. நிறமே சாட்சி சொல்கிறது. புற்றுநோயோடு தொடர்புடைய கே-ராஸ் என்ற மரபணு, சர்வைவின் இரண்டின் தூது ஆர்என்ஏ-க்களையும் அவர்கள் இப்படிப் பார்த்தார்கள்.

மற்றவை சின்னச் சின்னத் தற்காப்புகள். நொதி வெட்ட முடியாதபடி இழையின் சர்க்கரைப் பகுதியை வேதியியல் முறையில் மாற்றுவது. எந்த ஆர்என்ஏ-வுக்கும் ஜோடியில்லாத போலி ப்ரோப்பையும் கூடவே அனுப்பி, அது எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்ப்பது. கிராஃபீன் ஆக்சைடு, சிலிக்கா, டிஎன்ஏ-வாலேயே கட்டிய நான்முகிக் கூண்டு என்று தங்கத்துக்குப் பதிலாக வரும் பொருள்களுக்கும் பஞ்சமில்லை. துகள் மாறினாலும் திண்ணைப் பிரச்சினை அதேதான்.

திண்ணையை முழுசாகத் தவிர்க்கும் வழியும் ஒன்று உண்டு. செல்லின் மரபணுவையே மாற்றி, அது எழுதும் ஆர்என்ஏ-விலேயே ஒரு கொக்கியைச் சேர்த்துவிடுவது. 2011-ல் சேமி ஜாஃப்ரியின் குழு உருவாக்கிய கொக்கியில் ஒரு சிறு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் பச்சையாக ஒளிரும். அதற்கு ‘ஸ்பினாச்’, அதாவது பசலைக்கீரை, என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் பிராக்கோலி, மாங்கோ, கார்ன், பெப்பர் என்று காய்கறிச் சந்தையே வந்துவிட்டது. ஆராய்ச்சிக்கு அருமையான கருவிகள். ஆனால் நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த செல்லில் அப்படி எந்தக் கொக்கியும் இருக்காது. அதில் இருப்பதை இருக்கிறபடியே படிக்க, வெளியிலிருந்து போகும் ப்ரோப்தான் வேண்டும்.

எண்ணிக்கையும் ஒரு தொல்லை. பல தூது ஆர்என்ஏ-க்கள் ஒரு செல்லில் சில பத்துப் பிரதிகளே இருக்கும். ஒரு பிரதிக்கு ஒரு சாயம் என்றால் அந்த ஒளி, செல்லுக்கே இயல்பாக உள்ள மங்கலான ஒளிர்வில் மறைந்துபோகும். தியாகியின் குழு ஒற்றை ஆர்என்ஏ-வைப் பார்க்க வேண்டி, 2005-ல் பீக்கன் உட்காரும் இடத்தை 96 தடவை திரும்பத் திரும்ப எழுதிய செயற்கை மரபணுவைச் செல்லில் வைத்தது. அப்போதுதான் ஒரு புள்ளி தெரிந்தது. அதனாலேயே, பத்துப் பிரதி இருக்கிற ஒரு ஆர்என்ஏ-வைச் சாதாரண ப்ரோப் பளபளவென்று காட்டுகிறது என்றால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

இந்தத் துறைச் செய்திகளில் கட்டாயம் ஒரு படம் இருக்கும்: நீல நிறத்தில் செல்லின் கரு, சுற்றிலும் சிவப்போ பச்சையோ. பார்க்கிறபோது அந்த நிறம் எப்படிப் பரவியிருக்கிறது என்று கவனியுங்கள். செல்லின் உள்வெளியில் விடுபட்ட குட்டை இழை அங்குமிங்கும் அலையும். வெளிச்சம் தண்ணீரில் கரைத்த மஞ்சள் மாதிரி மெல்லிசாகப் பரவியிருக்க வேண்டும். படத்தில் கருவைச் சுற்றி மிளகு தூவினதுபோல அழுத்தமான புள்ளிகள் மட்டும் இருந்தால், பெரும்பாலும் அவை பைகள். ப்ரோப் இன்னும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.